இல்லாத வாசலைத் தட்டும் ஃபாரம்

காகித ஃபாரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எடுத்தால் உடனே திறக்கும். ஜெராக்ஸ் கடையில் வாங்கினாலும் சரி, தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் வாங்கினாலும் சரி, பிரித்தால் ஃபாரம். பூர்த்தி செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் 'கொஞ்சம் இருங்க, ஃபாரம் திறந்துகிட்டிருக்கு' என்று அந்தக் காலத்தில் யாரும் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறார்கள். அதுவும் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள்.

வருமான வரி, பாஸ்போர்ட், ரயில் டிக்கெட் போன்ற பெரிய சமாசாரங்கள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. ஆனால் நாட்டில் பாதி காரியம் இன்னும் சின்ன ஆபீஸ்களில்தான் நடக்கிறது. அபார்ட்மென்ட் அசோசியேஷன், ஆடிட்டர் ஆபீஸ், நர்சிங் ஹோம், வக்கீல் குமாஸ்தாவின் மேஜை, கல்வி உதவி தரும் அறக்கட்டளை. இங்கெல்லாம் ஃபாரம் என்பது ஒரு வேர்டு ஃபைல். சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்குள் மட்டும்தான் டைப் அடிக்கலாம். மற்ற இடத்தில் கை வைத்தால் ஒன்றும் நடக்காது, பூட்டியிருக்கும். 'டேப்' பட்டனைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குத் தாவும். அழகான ஏற்பாடுதான்.

செய்து முடித்த அன்று இந்த ஃபாரம் இரண்டு விநாடியில் திறக்கும். பத்து வருஷம் கழித்து அதே ஃபாரம் திறக்க நாலு நிமிஷம் ஆகும். எந்த நாளில் மெதுவானது என்று கேட்டால் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. நமக்குத் தொப்பை விழுந்த தேதி நமக்குத் தெரிகிறதா என்ன?

*

கல்வி உதவித்தொகை பற்றி எழுதுவதற்காக 2023 ஜூனில், சென்னைக்குத் தெற்கே ஓர் ஊரில் இருக்கும் சிறிய அறக்கட்டளைக்குப் போயிருந்தேன். காலேஜில் சேரும் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். பெரிய விளம்பரம் கிடையாது. அன்று 45 பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூட வந்திருந்தார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

மேஜையில் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, விவரம் கேட்டு, ஃபாரத்தை நிரப்பி, பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். அடுத்தவரைக் கூப்பிடுகிறார். இதில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒருவருக்கு நிரப்பிய ஃபாரத்தை அவர் மூடவே இல்லை. அதே ஃபாரத்தில் பழைய பெயரை அழித்து, அடுத்த பெயரை அதன் மேலேயே அடிக்கிறார்.

ஏன் என்று கேட்டேன்.

"மூடினா திரும்பத் திறக்க நாலு நிமிஷம் ஆகும் சார். காலைல ஒரு தடவை திறந்து வெச்சுட்டு, ராத்திரி வரைக்கும் மூட மாட்டேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 பேருக்கு நாலு நாலு நிமிஷம் என்றால் 180 நிமிஷம். மூன்று மணி நேரம். அந்த அம்மா செய்தது புத்திசாலித்தனமான காரியம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். பி.எஸ்ஸி. சேரப்போகிறவள். ஃபாரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. அழுத்தினால் 'திரு', 'லேட்' என்று இரண்டு வரும். அவளுக்கு முன்னால் வந்த பையனுக்கு அப்பா இல்லை. அக்கா பெயரை மாற்றினார். பட்டியலை மாற்றவில்லை. பிரின்ட் வந்தது. அந்தப் பெண் படித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அப்பாவிடம் நீட்டினாள். அவரும் படித்தார்.

"எம்மா, நான் இருக்கேனே" என்றார் மெதுவாக. கோபம் இல்லை. ஆபீஸில் எழுதியிருக்கிறார்களே, தான் சொல்வது எடுபடுமா என்கிற சந்தேகம் மாதிரி இருந்தது அவர் குரல்.

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திருத்தி, வேறு பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். வரிசை நகர்ந்தது.

படித்துப் பார்க்கிற பெண்ணாக இருந்ததால் அந்தத் தவறு தெரிந்தது. முந்தைய பிள்ளையின் வருமானம், ஜாதிச் சான்றிதழ் எண், பேங்க் கணக்கு எண் இதில் ஏதாவது ஒன்று அடுத்தவர் ஃபாரத்தில் தங்கிவிட்டால்? பணம் வேறு யாருக்கோ போகும். அல்லது 'விவரம் பொருந்தவில்லை' என்று திரும்பும். மெதுவாகத் திறக்கிற ஃபாரம் நேரத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. அதைச் சமாளிக்க மனிதர்கள் குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். தப்பு அந்தக் குறுக்கு வழியில்தான் வந்து உட்காரும்.

*

அறக்கட்டளைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் விற்கிற கடையில் கேட்டிருக்கிறார்கள். 'மெஷின் பழசு சார், ரெண்டு புதுசு போட்டுடலாம்' என்று தொண்ணூறாயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் என்றால், ஒன்பது பிள்ளைகளின் பணம். அடுத்த கமிட்டியில் பாஸ் செய்வதாக இருந்தது.

அதற்குள் அங்கே கணக்குப் பார்க்கும் நண்பர், தெரிந்த ஒரு சர்வீஸ் தம்பியை வரவழைத்தார். அந்தத் தம்பி செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. எதையும் கழற்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான்.

வெறும் வேர்டைத் திறந்தான். ஒரு விநாடி. வேறொரு கடிதத்தைத் திறந்தான். இரண்டு விநாடி. ஃபாரத்தைத் திறந்தான். நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் தன் பையிலிருந்த புத்தம் புது லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்த்து, அதே ஃபாரத்தை அதில் திறந்தான். அதிலும் கிட்டத்தட்ட நாலு நிமிஷம்!

"அக்கா, மெஷின் மேல தப்பில்லை" என்றான். தொண்ணூறாயிரம் மிச்சமானது அந்த வாக்கியத்தில்தான்.

அடுத்து அவன் செய்தது மந்திரம் மாதிரி இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். ஃபாரத்தை மறுபடி திறந்தான். 35 விநாடி!

நெட்வொர்க் இருந்தால் மெதுவாகவும் இல்லாவிட்டால் வேகமாகவும் ஒரு ஃபைல் திறந்தால், அது வெளியே எதையோ தேடுகிறது என்று அர்த்தம். எதை?

*

வேர்டில் 'டெம்ப்ளேட்' என்று ஒன்று உண்டு. அச்சு வெல்லத்துக்கு அச்சு மாதிரி. எழுத்துரு, ஓரம், தலைப்பு, சில சமயம் சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த அச்சிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஃபைலும் தன் அச்சு எங்கே இருக்கிறது என்கிற முகவரியை உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். திறக்கும்போதெல்லாம் அந்த முகவரிக்குப் போய் அச்சைத் தேடும்.

இந்த ஃபாரத்தின் முகவரி, அறக்கட்டளை 2018-ல் காலி செய்த பழைய ஆபீஸின் சர்வர். அந்தக் கட்டடத்தை இடித்து அபார்ட்மென்ட் கட்டியாகிவிட்டது. சர்வரை காயலான் கடையில் எடைக்குப் போட்டாகிவிட்டது. ஃபாரத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அது தினமும் காலையில் எழுந்து, இல்லாத வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கில் 'அந்தப் பேரில் யாராவது இருக்கீங்களா' என்று கேட்கும். பதில் வராது. காத்திருக்கும். வேறு வழியில் கேட்கும். மறுபடி காத்திருக்கும். கடைசியில் அலுத்துப்போய், கம்ப்யூட்டரிலேயே இருக்கும் 'நார்மல்' என்கிற பொது அச்சை வைத்துக்கொண்டு ஃபாரத்தைத் திறந்து கொடுத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றி வேர்டு ஒரு வார்த்தை சொல்லாது. 'அச்சு கிடைக்கவில்லை' என்று எச்சரிக்கை வந்திருந்தால் என்றைக்கோ யாராவது கவனித்திருப்பார்கள். அது பாட்டுக்குத் தேடிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்கிறது. ஐந்து வருஷமாக யாருக்கும் தெரியவில்லை.

வைத்தியம் இரண்டு நிமிஷம். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், 'கஸ்டமைஸ் ரிப்பன்' என்ற இடத்தில் 'டெவலப்பர்' என்பதை டிக் செய்தால் மேலே அந்தப் பெயரில் ஒரு பகுதி முளைக்கும். முதலில் அதில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போய் ஃபாரத்தின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்புறம் 'டாக்குமென்ட் டெம்ப்ளேட்'டை அழுத்தினால் ஒரு பெட்டியில் பழைய முகவரி இருக்கும். அதை அழித்துவிட்டு சேவ் செய்து, மறுபடி பூட்ட வேண்டும். முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். இதை ஏற்கெனவே நிரப்பிய ஃபாரத்தில் செய்யாதீர்கள். பழைய வகைக் கட்டங்கள் உள்ள ஃபாரத்தைத் திறந்து மறுபடி பூட்டும்போது, உள்ளே நிரப்பியதெல்லாம் அழிந்து வெற்றுக் கட்டமாகிவிட வாய்ப்பு உண்டு. காலி ஃபாரத்தை ஒரு பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். இரண்டாவது, அந்த அச்சில் கூட்டல் கழித்தல் போடுகிற நிரல் ஏதாவது இருந்ததா என்று விசாரித்துவிட்டு அறுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒன்று, லோகோ. படத்தை ஃபைலுக்குள் வைக்காமல், 'அந்த சர்வரில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்' என்று இணைப்பு மட்டும் கொடுத்திருப்பார்கள். சர்வர் போனால் அதே கதைதான். இன்னொன்று, பிரிண்டர். ஒரு பக்கத்தில் எத்தனை வரி கொள்ளும் என்று தெரிந்துகொள்ள வேர்டு பிரிண்டரைக் கேட்கும் பழக்கம் உண்டு. நீங்கள் ஒன்றும் அச்சடிக்கப் போவதில்லை என்றாலும் கேட்கும். அந்த பிரிண்டர் மாடியில், சுவிட்ச் அணைத்த நிலையில் இருந்தால் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பி.டி.எஃப்.' என்பதை முதன்மை பிரிண்டராக மாற்றிவிட்டு ஃபாரத்தைத் திறந்து பாருங்கள். வேகமாகத் திறந்தால் ஆள் பிடிபட்டார்.

ஒரு சின்ன பயமுறுத்தலும் சொல்லிவிடுகிறேன். இப்படி வெளியே போய் அச்சைத் தேடும் குணத்தைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். ஒன்றுமறியாத ஃபாரம் மாதிரி ஒரு ஃபைலை மெயிலில் அனுப்புவார்கள். உள்ளே தங்கள் சர்வரின் முகவரியை எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் திறந்ததும் அது அங்கே போய் விஷத்தை இறக்கிக்கொண்டு வரும். தாக்குதல் முறைகளைப் பட்டியல் போடும் மைட்டர் என்ற அமெரிக்க அமைப்பு இதற்கு 'டெம்ப்ளேட் இன்ஜெக்ஷன்' என்றே பெயர் கொடுத்திருக்கிறது. ஃபாரம் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது வேகத்துக்கு மட்டுமல்ல, பத்திரத்துக்கும் நல்லது.

*

நாலு நிமிஷம் 35 விநாடி ஆகிவிட்டதே, போதாதா என்று கேட்டார் நண்பர். தம்பி விடவில்லை. "இனிமே வெளியில தேடுறது இல்ல சார். உள்ள இருக்கிற குப்பை" என்றான்.

2007-க்குப் பிறகு வந்த வேர்டில் 'டாக்எக்ஸ்' என்று முடிகிற ஃபைல்கள் உண்மையில் ஒரு மூட்டை. பெயரின் கடைசியில் 'ஜிப்' என்று மாற்றினால் மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம். பிரதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள். உள்ளே எழுத்து தனி, படங்கள் தனி, எழுத்துரு தனி என்று அறை அறையாக இருக்கும். எந்த அறையில் கனம் அதிகம் என்று உடனே தெரியும். இந்த ஃபைல் 14 எம்.பி. எழுத்து மட்டும் பார்த்தால் இரண்டு பக்கம்!

முதல் குற்றவாளி, அறக்கட்டளையின் முத்திரை. காகிதத்தில் மூன்று செ.மீ. அகலம், ஒரு பெரிய தபால் தலை அளவு. யாரோ பழைய லெட்டர்ஹெட்டை ஏ4 பக்கம் முழுக்க, 600 புள்ளி நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து உள்ளே ஒட்டி, முத்திரையைத் தவிர மற்றதைக் கத்தரித்திருக்கிறார். அந்த அளவு பக்கத்தில் சுமார் மூன்றரைக் கோடி புள்ளிகள். அந்த முத்திரைக்குத் தேவை எழுபதாயிரம் புள்ளி. கத்தரித்தது போய்விட்டது என்றுதானே நினைப்போம்? அதான் இல்லை. வேர்டு மறைத்துத்தான் வைக்கிறது, எறிவதில்லை. கத்தரித்த பகுதியை இழுத்துப் பார்த்தால் முழு லெட்டர்ஹெட்டும், பழைய தலைவரின் வீட்டு போன் நம்பரும் பத்திரமாக இருந்தன. அத்தனை பிள்ளைகளுக்கும் மெயிலில் போன ஃபைல். படத்தைத் தொட்டு 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' போய், கத்தரித்த பகுதியை நீக்கச் சொன்னால் போய்விடும்.

இரண்டாவது, எழுத்துரு. இது தமிழர்களுக்கே உரிய சங்கடம். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நடுவில் இருந்த காலத்தில், நாம் அனுப்புகிற ஃபைல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாகத் தெரியாமல் இருக்க, எழுத்துருவையே ஃபைலுக்குள் வைத்து அனுப்புவோம். அப்போது அது தேவை. விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துரு வந்துவிட்டது. இப்போது யூனிகோடில் அடித்த ஃபைலுக்கு அந்தச் சுமை வேண்டாம். ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' என்ற டிக்கை எடுத்தால் போதும். இந்த ஃபாரத்தில் மூன்று எழுத்துருக்கள் குடியிருந்தன. வாடகை இல்லாமல்.

மூன்றாவது, பழைய திருத்தங்கள். யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கும் வசதியை எப்போதோ போட்டுவிட்டு அணைக்கவில்லை. மூன்று செயலாளர்களின் அடித்தல் திருத்தல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்தது. 'ஏழை மாணவர்' என்று போடுவதா, 'பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்' என்று போடுவதா என்று நடந்த ஒரு நீண்ட சண்டை உட்பட. 'அக்செப்ட் ஆல்' போட்டால் திருத்தங்கள் தீரும். ஓரத்துக் குறிப்புகளைத் தனியாக அழிக்க வேண்டும்.

நாலாவதுதான் பெரிய வேலை. கட்டங்கள். காகித ஃபாரத்தில் 'ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து' என்று இருக்கும் அல்லவா? கிறுக்கல் கையெழுத்தைக் கட்டுப்படுத்த வந்த வழக்கம். கம்ப்யூட்டரில் கையெழுத்தே கிடையாது. ஆனாலும் பெயருக்கு 30 கட்டம், முகவரிக்கு 120 கட்டம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபீல்டாகச் செய்து, அவற்றை ஒரு டேபிளுக்குள் போட்டு, அந்த டேபிளை இன்னொரு டேபிளுக்குள் வைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தின் அகலம் மாறினால் எல்லாவற்றையும் வேர்டு மறுபடி அளக்க வேண்டும். தம்பி பெயருக்கு ஒரே கட்டம், முகவரிக்கு ஒரே கட்டம் என்று மாற்றினான். டேபிளின் குணங்களில், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக விரியும் வசதியை அணைத்தான்.

இதில் மாவட்டப் பட்டியல் ஒரு தமாஷ். பழைய வகை ஃபாரக் கட்டத்தில், கீழே விரியும் பட்டியலுக்கு 25 பெயர்தான் கொள்ளும். தமிழ்நாட்டில் 2020-ல் மயிலாடுதுறை வந்ததோடு 38 மாவட்டங்கள். அதனால் 'மாவட்டம் 1', 'மாவட்டம் 2' என்று இரண்டு பட்டியல்! இரண்டாவது பட்டியலில் இருக்கும் ஊர்க்காரர்கள் முதல் பட்டியலிலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வேர்டு 2007-லிருந்து 'கன்டென்ட் கன்ட்ரோல்' என்ற புதிய வகைக் கட்டம் இருக்கிறது. அதில் 38-ம் ஒரே பட்டியலில் அடங்கிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஃபைல் 90 கே.பி. திறக்க மூன்று விநாடி.

*

மனிதன் கம்ப்யூட்டர் முன்னால் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்று 1968-லேயே ஐ.பி.எம்.மில் ராபர்ட் மில்லர் என்பவர் எழுதியிருக்கிறார். பிற்பாடு 1993-ல் ஜேக்கப் நீல்சன் அதை எளிமையாக்கினார். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்த மாதிரி தோன்றும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் மனசு வேறு வேலைக்குப் போய்விடும். நாலு நிமிஷத்துக்கு என்று அந்தக் கணக்கில் தனியாக ஒரு வரி இல்லை. அந்தக் கட்டத்தில்தான் நம் அக்கா, ஃபாரத்தை மூடுவதே இல்லை என்று முடிவு செய்தார்.

என் சந்தேகம் வேறு. ஐந்து வருஷம் ஏன் யாரும் இதைக் கவனிக்கவில்லை?

பி.காமில் காஸ்ட் அக்கவுன்ட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 'ஐடில் டைம்' என்று ஓர் அத்தியாயம். தொழிலாளி சும்மா இருந்த நேரத்துக்கும் கூலி கொடுக்கிறோமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஷிஃப்ட் மாறும்போது ஆகிற சின்னத் தாமதத்தை உற்பத்திச் செலவில் சேர்க்கலாம். மெஷின் கெட்டு, கரன்ட் போய், அசாதாரணமாக வீணான நேரத்தை நேராக லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். நஷ்டம் என்று முகத்தில் அறையும். முதலாளி ஏன் என்று கேட்பார். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

ஆனால் பெஞ்சில் காத்திருப்பவருக்கு நாம் கூலி கொடுப்பதில்லையே? அவருடைய மூன்று மணி நேரம் எந்த லெட்ஜரிலும் ஏறாது. கரன்ட் பில் இருநூறு ரூபாய் கூடினால் கமிட்டியில் கேள்வி வரும். 45 குடும்பம் அரை நாள் உட்கார்ந்திருந்தால் கேள்வி வராது. நல்ல மனசோடு நடத்துகிற இடத்திலேயே இப்படித்தான். செலவு நம் கணக்கில் வராதவரை, கதவை எத்தனை நேரம் தட்டினாலும் நமக்குக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் 1980-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. காகித வேலையைக் குறைக்கும் சட்டம். மத்திய அரசின் ஏதாவது ஓர் இலாகா பொதுமக்களிடம் ஃபாரம் நிரப்பச் சொன்னால், அதைப் படித்து, விவரம் தேடி, நிரப்பி முடிக்க சராசரியாக எத்தனை நிமிஷம் ஆகும் என்று கணக்குக் காட்டி, அனுமதி வாங்க வேண்டும். அந்த நிமிஷக் கணக்கையும் ஃபாரத்தோடு அச்சடிப்பார்கள். அங்கேயும் ஃபாரங்கள் ஒன்றும் தேனாக இல்லை என்பது வேறு. ஆனால் நிரப்புகிறவரின் நேரம் ஒரு செலவு, அதை எழுத வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எழுதினால்தான் குறைக்கத் தோன்றும்.

நாம் சட்டத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். மார்ச் 31 அன்று எல்லா ஆபீஸிலும் கணக்கு முடிக்கிறோம். வராத கடனைத் தள்ளுகிறோம், செத்த சரக்கை எழுதிக் கழிக்கிறோம். அதே வாரத்தில் ஒரு மத்தியானம் ஒதுக்கி, தினமும் பயன்படுத்தும் ஃபாரங்களையும் திறந்து பாருங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடிக்கு மேல் ஆனால், கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை. பிரிண்டரை மாற்றி ஒரு தடவை. அப்புறம் படம், எழுத்துரு, பழைய திருத்தம், தேவையில்லாத கட்டம். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் ஆள் அகப்பட்டுவிடுவார். கொட்டேஷன் வாங்குவது கடைசியில்.

அறக்கட்டளையில் புது கம்ப்யூட்டர் வாங்கவில்லை. தம்பி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான், அதுவும் வற்புறுத்தியதால். கமிட்டியில் அந்தத் தொண்ணூறாயிரத்தை உதவித்தொகைக்கே ஒதுக்கினார்கள் என்று நண்பர் சொன்னார். அக்கா இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஃபாரம் திறக்கிறார். அப்பா பெயருக்கு முன்னால் இருந்த பட்டியலில் முதல் வரியை அவரே கேட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். இப்போது திறக்கும்போது அங்கே 'திரு'வும் இல்லை, 'லேட்'டும் இல்லை. 'கேட்டு நிரப்பவும்' என்று இருக்கிறது.